கடலுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் விடுமுறையில் ஊரெல்லாம் பெரஹெரா பார்க்கக் கண்டிக்கு வரும். கண்டிப் பிள்ளைகளோ கடல் பார்க்கத் தென்கரைக்குப் போவார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் வளரும் பிள்ளைக்குக் கடல் என்பது ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விருந்து. காலி வீதியில் பெந்தோட்டையைத் தாண்டி இந்துருவ, கொஸ்கொட என்று பஸ் ஓடும்போது வீதியோரம் ஆமைக் குஞ்சு பொரிப்பகங்களின் பெயர்ப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பஸ் நிற்கும். டிக்கெட் எடுத்து உள்ளே போனால் சீமெந்துத் தொட்டிகள். தொட்டிக்குள் பிறந்து சில நாட்களேயான குஞ்சுகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படம் பிடித்துக்கொள்ளலாம்.

அதே தொட்டிகளைத் தேய்த்துக் கழுவவும், தண்ணீர் மாற்றவும், ஆமை முதுகில் படிந்த பாசியை நீக்கவும் வெளிநாட்டு இளைஞர்கள் பணம் கட்டி வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். நம் உயர்தர மாணவர்களிலும் பலருக்கு இப்போது அந்த ஆசை இருக்கிறது. கடல் உயிரினங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த உதவி ஆமைக்குப் போய்ச் சேருகிறதா என்பது நம் எண்ணத்தைப் பொறுத்தது இல்லை. ஆமையின் உடலைப் பொறுத்தது. அந்த உடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எங்கே கை கொடுக்க வேண்டும், எங்கே கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கரையேறும் தாய்

உலகில் கடலாமை இனங்கள் ஏழு. அவற்றில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன: பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. இந்தத் தீவின் ஆமைகளை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களில் முதன்மையானவர் கொழும்பு தேசிய அரும்பொருட்சாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. அவருடைய பெருநூல் 1939இல் வெளிவந்தது.

அதற்கு முந்தைய நூற்றாண்டில் நிலைமை வேறு. பிரித்தானிய ஆட்சியில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில், யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை உயிரோடு வைத்தே இறைச்சியைத் துண்டு துண்டாக அறுத்து விற்றதை எழுதியிருக்கிறார். அழுங்காமையின் ஓட்டை உரிக்க உயிருள்ள ஆமையை நெருப்பில் காட்டியதையும் பதிவு செய்திருக்கிறார். கரையோரச் சிங்கள ஆண்கள் கொண்டையில் செருகிய சீப்புகள் அந்த ஓட்டில் செய்யப்பட்டவை. இன்று ஐந்து இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அனுமதியில்லாமல் முட்டையைக் கையில் வைத்திருந்தாலே குற்றம்.

தாய் ஆமை கரையேறுவது பெரும்பாலும் இரவில். கனத்த உடம்பை முன் துடுப்புகளால் இழுத்து, சற்று இழுத்ததும் நின்று மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து, அலை எட்டாத மேட்டுக்கு வந்து சேரும். இந்தக் கட்டத்தில் ஒரு டோர்ச் வெளிச்சம் அல்லது ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும், முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். தொந்தரவு இல்லையென்றால் முதலில் உடம்பு பதியுமளவுக்கு மணலை வாரித் தள்ளும். பிறகு பின் துடுப்புகளின் வேலை ஆரம்பிக்கும். ஒரு துடுப்பு வளைந்து குழிக்குள் போய் ஒரு பிடி மணலை அள்ளி வெளியே வைக்கும். உடனே மற்றத் துடுப்பு இறங்கும். தான் தோண்டும் குழியை அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. துடுப்பு எட்டும் ஆழம் வரை தோண்டி, அடிப்பக்கம் அகன்று வாய் குறுகிய குழியை முடித்ததும் முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழத் தொடங்கும். பேராமை ஒரு தடவையில் நூறு முட்டைக்கு மேல் இடும்.

அப்போது அதன் கண்ணிலிருந்து பிசுபிசுப்பான நீர் வழிவதைப் பார்த்தவர்கள் பிரசவ வேதனையில் அழுகிறது என்பார்கள். ஆனால் கடலிலும் அது இப்படித்தான் அழுகிறது. கடல்நீரையும் கடல் உணவையும் உட்கொள்ளும் உடம்பில் சேரும் உப்பை அதன் சிறுநீரகத்தால் மட்டும் வெளியேற்ற முடியாது. கண்ணருகே உள்ள சுரப்பி அந்த உப்பைப் பிரித்து, கடல்நீரைவிடச் செறிவான திரவமாக வெளியே தள்ளுகிறது.

முட்டையைத் தொடுவதற்கும் நேரம் உண்டு

தாயின் வயிற்றில் இருக்கும்போதே கருவின் வளர்ச்சி தொடங்கி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். கருக்குழாயில் ஒட்சிசன் மிகக் குறைவு என்பதால் இந்த நிறுத்தம். முட்டை வெளியே விழுந்து காற்றுப்பட்டதும், சில மணி நேரத்தில் வளர்ச்சி மறுபடி தொடங்குகிறது. தொடங்கியதும் கரு முட்டை ஓட்டின் உட்புறச் சவ்வில் மேற்பக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிய பிறகு முட்டையை உருட்டினாலோ திருப்பினாலோ சவ்வு கிழிந்து கரு இறந்துபோகும். கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடும் என்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆமை முட்டையை வேறிடத்துக்கு மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். மறுநாள் வெயிலில் யாரோ தோண்டியெடுத்துப் பையில் போட்டு, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து விற்கும் முட்டையில் பல வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பொரிக்காது.

இன்னொரு சங்கதி இன்னும் விசித்திரமானது. நம்மில் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பவை நிறமூர்த்தங்கள். கடலாமைக்கு அந்த ஏற்பாடு இல்லை. முட்டை மணலுக்குள் கிடக்கும் ஏறத்தாழ ஐம்பது, அறுபது நாட்களில் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதே குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸ் அளவில் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே போகப் போகப் பெண்கள் பெருகும். கீழே இறங்கினால் ஆண்கள். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் இளம் பேராமைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, அவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்று காட்டியது. சூடேறும் பூமி அந்தக் கூட்டத்தின் ஆண்களையே இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறது.

பொரிப்பகம் நடத்துகிறவர் ஓலைக்கூரை போடுவதா வேண்டாமா என்பதைத் தன் வசதிக்கேற்ப முடிவு செய்தால், ஒரு பருவத்துக் குஞ்சுகள் அத்தனையும் எந்தப் பால் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார். நிழல் கூடினால் ஒரு கேடு, வெயில் கூடினால் ஒரு கேடு. தாய் தேர்ந்தெடுத்த இடத்திலேயே முட்டைகளை விட்டால், கரையின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆழங்களில், வெவ்வேறு மாதங்களில் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்க வாய்ப்பு இருக்கிறது.

முதல் நாள்

ஓட்டை உடைத்த குஞ்சு உடனே மேலே வருவதில்லை. நூறு குஞ்சும் சேர்ந்து அசைய, மேலே உள்ள மணல் சரிந்து கீழே போக, கூட்டமாகச் சில நாட்களில் மேற்பரப்புக்கு வருகின்றன. மேல் மணல் சூடாக இருக்கும்வரை அசைவற்றுக் கிடந்து, குளிர்ந்ததும் வெளிப்படும். அதனால்தான் பெரும்பாலும் இரவு.

வெளியே வந்த குஞ்சுக்குக் கடல் எங்கே என்று காட்டிக்கொடுக்கத் தாய் அங்கில்லை. தாழ்வான அடிவானத்தில் வெளிச்சம் கூடிய பக்கம் அது ஓடும். உயர்ந்து கறுத்துத் தெரியும் மரங்களின் பக்கத்தைத் தவிர்க்கும். மின்விளக்கு இல்லாத கரையில் வெளிச்சப் பக்கம் என்றால் அது கடல்தான். ஹோட்டல் விளக்கு எரியும் கரையில் அதே கணக்கு அதை வீதிக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

தண்ணீரில் இறங்கியதும் வழிகாட்டி மாறிவிடும். அலை வரும் திசையை எதிர்த்து நீந்தினால் ஆழ்கடல். அங்கே போனபின் மூன்றாவது வழிகாட்டி: பூமியின் காந்தப்புலம். அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கென்னத் லோமனும் சகாக்களும் குஞ்சுகளைச் செயற்கைக் காந்தப்புலத்தில் நீந்தவிட்டுப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். புலத்தை மாற்றியபோது குஞ்சுகள் நீந்தும் திசையை மாற்றின. பிறந்த கரைக்குரிய காந்த அடையாளத்தை மனத்தில் பதித்துக்கொண்டு, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அதே பகுதிக்குப் பெண் ஆமைகள் திரும்புகின்றன என்ற முடிவுக்கும் இந்த வகை ஆய்வுகளே வலுச் சேர்த்தன.

இத்தனைக்கும் எரிபொருள், வயிற்றில் மீதமுள்ள மஞ்சட்கரு. கடலில் இறங்கிய குஞ்சு ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க ஓயாமல் நீந்தும். மீன்களும் பறவைகளும் மிகுந்த கரையோர நீரை எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறதோ அவ்வளவுக்கு அது பிழைக்கும். பெரிய ஆமையாகி வருவது ஆயிரத்தில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இனித் தொட்டியை நினைத்துப் பாருங்கள். நீந்தும் வெறி உடம்பில் இருக்கிறது. நீந்தப் போக இடமில்லை. சுவரில் முட்டி முட்டி மஞ்சட்கருவைச் செலவழிக்கிறது. சில மணி நேரம் தடுத்து வைத்தாலே குஞ்சின் நீந்தும் வேகம் குறைவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. நெருக்கத்தில் ஒன்றையொன்று கடிக்கும்; புண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். சன் கிறீமும் பூச்சி மருந்தும் பூசிய கைகள் பகலெல்லாம் தொட்டுப் பார்க்கும். மூன்று நாள் பெலப்படுத்திக் கடலில் விடுகிறோம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. பெலம் போன பிறகு விடுகிறோம் என்பதே உண்மை. மாலை வெயிலில் பார்வையாளர்களுக்காகக் குஞ்சை விடுவதும் இதே வகைதான். பறவைக்குக் கண் தெரியும் நேரம் அது. தினமும் ஒரே இடத்தில் விட்டால் மீன்களும் அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும்.

முட்டை திருடியவர்களே காவல்

அப்படியானால் செய்ய எதுவுமே இல்லையா? தங்காலைக்குப் பக்கத்தில் ரெக்கவ என்று ஒரு கரை இருக்கிறது. இலங்கையின் மிக முக்கியமான பேராமைக் கரைகளில் ஒன்று. ஒரு காலத்தில் அங்கே இடப்பட்ட முட்டைகளில் பெரும்பகுதி சந்தைக்குப் போனது. 1993இல் இலங்கையில் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புத் திட்டம், 1996இல் ரெக்கவ முட்டைகளை இட்ட இடத்திலேயே காக்கும் வேலையை ஆரம்பித்தது. காவலுக்கு ஆள் தேடி வெளியே போகவில்லை. முட்டை தோண்டி விற்றுப் பிழைத்த ஊர்க்காரர்களையே சம்பளம் கொடுத்து அமர்த்தினார்கள். எந்த ஆமை எந்த மேட்டில் ஏறும், தடத்தைப் பார்த்தே எங்கே குழி இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. திருடப் பயன்பட்ட அதே அறிவு காக்கப் பயன்பட்டது. 2006இல் ரெக்கவ சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இரவுக் காவல் பரபரப்பான வேலை இல்லை. இருட்டில் நடப்பது, இருட்டிலேயே உட்கார்ந்திருப்பது, தடம் தெரிந்தால் குறித்துக்கொள்வது, நாயைத் துரத்துவது, பார்வையாளர் வந்தால் ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை தூரத்தில் நிறுத்தி வைப்பது. விளக்கு வேண்டுமென்றால் சிவப்பு. ஆமையின் கண்ணுக்கு நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும், சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. படம் எடுக்கும்படியாக எதுவும் நடக்காத இரவுகளே அதிகம். ஒரு குஞ்சைக்கூடத் தொடாமல் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்பும் வேலை இது.

முட்டையை மாற்றவே கூடாது என்றும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஒவ்வொரு பருவத்திலும் இரவில் நடக்கும் மாணவர்களைக் கேட்டால் தெரியும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் அந்த நடையை நடத்திவருகிறது. ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் ஏறும் அந்தக் கரையில் ஒரு பக்கம் நாய்கள், மறுபக்கம் மாநகரத்தின் மொத்த வெளிச்சம். அங்கே முட்டையை விட்டுவைத்தால் குஞ்சுகள் வீதிக்குத்தான் ஓடும். ஆகவே இட்ட இரவே எடுத்து, அதே ஆழத்தில் அதே வடிவக் குழியில் புதைத்து, பொரித்த உடனே விடுகிறார்கள். தொட்டி கிடையாது. அவர்கள் இறந்த ஆமைகளையும் எண்ணுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, இழுவை வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் சாகும் ஆமைகளைப் பற்றி அரசும் நீதிமன்றமும் பேச வேண்டி வந்தது. அழுகிய ஆமையை அளந்து குறிப்பெடுப்பதும் தொண்டுதான். குஞ்சைக் கையில் வைத்திருப்பதைவிடப் பெரிய தொண்டு.

கை கொடுத்தே ஆகவேண்டிய இரவு

எதிர்மாறான நிலைமையும் உண்டு. 2020 நவம்பர் 2ஆம் திகதி, கொழும்புக்குத் தெற்கே பாணந்துறைக் கரையில் ஏறத்தாழ 120 குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. இலங்கையில் இவ்வளவு பெரிய கூட்டம் ஒதுங்கியது அதுவே முதல் தடவை. கொவிட் ஊரடங்கு நடப்பில் இருந்த நேரம். கடற்படையினரும் கரையோரக் காவலரும் ஊர் இளைஞர்களும் இரவெல்லாம் நீரில் நின்று ஒவ்வொன்றாகத் தள்ளி, ஜெட் ஸ்கீகளால் ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள். விடியும்போது கூட்டத்தில் மிகப்பெரும்பகுதி கடலில் இருந்தது. சில மட்டுமே இறந்தன.

தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு கரையில் 2016 ஜனவரியில் இதே இனத் திமிங்கிலங்கள் எண்பதுக்கு மேல் ஒதுங்கியபோது பாதிக்கு மேல் இறந்துபோயின. மீனவர்கள் தள்ளிவிடத் தள்ளிவிட அவை கரைக்கே திரும்பின. 1973இலும் அதே கரைப்பகுதியில் இப்படி ஒரு பெருங்கூட்டம் ஒதுங்கியிருக்கிறது.

ஏன் திரும்புகின்றன? இந்தத் திமிங்கிலங்கள் தாய்வழிக் குடும்பமாக வாழ்பவை. ஒன்று கரையில் கிடந்து குரல் கொடுத்தால் மற்றவை விட்டுப்போக மாட்டா. ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு வழி அறியும் இவற்றுக்கு, மெல்லச் சரியும் மணற்கரை தெளிவான எதிரொலியைத் தருவதில்லை. ஒருமுறை மணலில் ஏறிவிட்டால், நீர் தாங்கிய உடம்பை நீரில்லாமல் தாங்க முடியாது. சொந்த எடையே நுரையீரலை அழுத்தும். தடித்த கொழுப்புப் படலம் வெப்பத்தை வெளியே விடாது. குளிர்ந்த காற்றிலும் உள்ளே உடம்பு கொதிக்கும்.

மீட்பவருக்கான விதிகளும் இந்த உடலிலிருந்தே வருகின்றன. திமிங்கிலத்தை வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். தலைமேல் உள்ள மூச்சுத் துளைக்குள் நீரோ மணலோ போகக்கூடாது. ஈரத்துணி போர்த்த வேண்டும். வாலைப் பிடித்து இழுத்தால் முதுகெலும்பு பிசகும். கூட்டத்தை ஒரே நேரத்தில் ஆழத்துக்குக் கொண்டுபோக முடிந்தால் திரும்பி வருவது குறையும். பாணந்துறை இளைஞர்கள் இதற்கெல்லாம் பட்டம் பெற்றவர்கள் இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்தார்கள், நீச்சல் தெரிந்தவர்கள், அதிகாரிகள் சொன்னதைக் கேட்டார்கள். மூன்றும் சேர்ந்ததால் அந்த இரவு சாவில் முடியவில்லை.

பருப்பளவு நஞ்சு

பாணந்துறைக்கு அடுத்த ஆண்டு, 2021 மே 20ஆம் திகதி, கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீ கண்டுபிடிக்கப்பட்டது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம். ஜூன் 2ஆம் திகதி கப்பல் மூழ்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கலந்தன. உலகம் கண்ட மிகப்பெரிய குருணைக் கொட்டு அது. நீர்கொழும்பிலிருந்து தெற்கு வரை கரை வெள்ளையாகிப் போனது.

அந்தக் குருணை ஒன்றைக் கையில் எடுத்தால் மைசூர்ப் பருப்பளவுதான் இருக்கும். வழவழப்பான, பால்நிறமான, மணமில்லாத ஒரு மணி. வாளியும் பொலித்தீன் சாமான்களும் செய்யத் தொழிற்சாலைகள் உருக்கும் மூலப்பொருள் இது. மீன் முட்டையென்று மீன் இதை விழுங்கும். மண்வாரி இயந்திரத்தால் அள்ளினால் கரையின் மணலும் சேர்ந்து போய்விடும். கையால் பொறுக்கிக் கட்டாது. ஆகவே சல்லடை. 2018இல் இளைஞர்கள் ஆரம்பித்த பேர்ள் புரொடெக்டர்ஸ் அமைப்பின் தொண்டர்கள் உட்படப் பலர் கரையில் குந்தியிருந்து, மணலை அள்ளிச் சல்லடையிலிட்டுச் சலித்தார்கள். மணல் விழ, குருணை தங்கும். அடுத்த அலை இன்னொரு படலத்தைக் கொண்டுவந்து போடும். மறுபடி சலிக்க வேண்டும். 417 கடலாமைகளும் 48 டொல்பின்களும் 8 திமிங்கிலங்களும் இறந்ததாக வழக்கில் பதிவானது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. கரையில் கிடந்த உடல்களை யாரும் எண்ணாமல் புதைத்திருந்தால் நீதிமன்றத்துக்கு அந்த எண்களே கிடைத்திரா.

மலையிலிருந்து கடலுக்கு

கண்டிக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கண்டி வாவியின் உபரி நீரும் நகரத்து வடிகால்களின் நீரும் மெத எல ஓடை வழியாகக் கெட்டம்பேயில் மகாவலியில் விழுகின்றன. நகரத்தை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகும் மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவில் கடலைச் சேர்கிறது. திருகோணமலைக் கடலில் கரைக்கு மிகக் கிட்டவே ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கடலடியில் கிடக்கிறது. நீலத்திமிங்கிலங்கள் வரும் கடல் அது.

இடையில் பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று அணைகள் நிற்பது உண்மை. மெத எலயில் மிதக்கும் பை அப்படியே கொட்டியாரக்குடா போய்ச் சேரும் என்று சொன்னால் அது மிகை. பெரிய குப்பையில் கணிசமானது நீர்த்தேக்கங்களில் தங்கிவிடும். ஆனால் வெயிலில் பொடிந்து மண்ணளவான பிளாஸ்டிக்கை எந்த அணையும் முழுவதுமாகப் பிடித்து வைப்பதில்லை.

கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டினால் அந்த ஆறுதலும் இல்லை. மேற்குச் சரிவில் விழும் மழை ஹிங்குல ஓயாவில் இறங்கி, மாவனெல்லையில் மகா ஓயாவைச் சேர்ந்து, பின்னவலையில் யானைகள் குளிக்கும் நீராகி, நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடைப் பக்கம் கடலுக்குப் போகிறது. வழியில் மகாவலியில் உள்ளதுபோன்ற பேரணைகள் இல்லை. கணவாயில் பஸ் ஜன்னலால் எறிகிற தண்ணீர்ப் போத்தலுக்கும் கடலுக்கும் இடையில் இருப்பது ஒரு மழை மட்டுமே.

கடலில் அது என்ன செய்யும்? ஆமையின் தொண்டையில் உட்பக்கம் நோக்கிச் சாய்ந்த கூரிய முட்கள் நெருக்கமாக இருக்கின்றன. விழுங்கிய சொறிமுட்டை நழுவாமல், கடல்நீர் மட்டும் வெளியேற அமைந்த ஏற்பாடு. அதே முட்கள் பொலித்தீனையும் வெளியே விடா. சொறிமுட்டை என்று நம்பி ஆமை ஏமாறுகிறது என்பது பழைய விளக்கம். 2020இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பெருந்தலை ஆமைகளுக்குப் புதுப் பிளாஸ்டிக்கின் மணமும் கடலில் கிடந்து பாசி பிடித்த பிளாஸ்டிக்கின் மணமும் தனித்தனியே காற்றில் காட்டப்பட்டன. புதியதை அவை பொருட்படுத்தவில்லை. பாசி பிடித்ததற்கு உணவின் மணத்துக்குக் காட்டும் அதே ஆவலைக் காட்டின. அதன் மூக்குக்கு அது சோறுதான். 2018இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, பதினான்கு துண்டு பிளாஸ்டிக் வயிற்றில் சேர்ந்த ஆமைக்கு அதனாலேயே சாகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

2017 செப்டெம்பர் முதல் லஞ்ச் ஷீட்டும் மெல்லிய பொலித்தீன் பைகளும் நம் நாட்டில் தடை. தடை இருக்கிறது, கடையிலும் இன்னும் இருக்கிறது. இங்கேதான் கண்டிக்காரரின் தொண்டுக்கு முதல் இடம். உலகம் முழுக்க செப்டெம்பர் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை கடற்கரைத் துப்புரவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆற்றங்கரைகளும் அதில் அடக்கம். பொறுக்கியதை வகை பிரித்து எண்ணி எழுதிவைப்பது அந்த நாளின் முக்கிய வழக்கம். எந்தக் குப்பை அதிகம் என்று தெரிந்தால்தான் எதைத் தடுக்கக் கேட்பது என்று தெரியும். ஒரு பாடசாலைச் சூழல் கழகம் கடலுக்குப் போகாமலேயே கெட்டம்பேயில் அந்த வேலையைச் செய்யலாம்.

தென்கரைக்கே போவதென்றால், டிக்கெட் எடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். முட்டை எங்கிருந்து வந்தது, இட்டு எத்தனை மணி நேரத்தில் புதைத்தீர்கள்? குஞ்சு பொரித்து எத்தனை மணி நேரத்தில் கடலுக்குப் போகிறது? இரவில் விடுகிறீர்களா, பகலிலா? பார்வையாளர் கையில் கொடுப்பீர்களா? பதில் தட்டுத்தடுமாறினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேராகக் கடலுக்குப் போய்விடுங்கள். தொண்டு செய்ய விரும்பும் இளைஞரும் இதே நான்கையும் கேட்ட பிறகு பெயர் கொடுக்கட்டும். தொட்டியில்லாத, இருட்டான, முட்டையை மணலிலேயே விட்டுக் காவல் காக்கும் கரை கிடைத்தால் அங்கே போய் இரவு முழித்திருங்கள். கரையொதுங்கிய ஆமையையோ திமிங்கிலத்தையோ கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ கடற்படைக்கோ முதலில் தகவல் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும்வரை கூட்டத்தை விலக்கி வைப்பதே உங்கள் வேலை. ஆமைக் குஞ்சோடு எடுத்த படம் உங்கள் கைப்பேசியில் இல்லாமல் போனால் எந்த ஆமைக்கும் நட்டமில்லை.